மொய் நோட்டு

சிபாரிசு என்பது நம் நாட்டில் மிகப் பழைய சமாசாரம். பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்க, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க, கூட்ட நாளில் ஒகேனக்கலில் பரிசல் அமர்த்தக்கூட யாராவது ஒருவரைத் தெரிந்திருந்தால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். இதெல்லாம் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே, முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாதவர்களோடு பண்டமாற்றுச் செய்துகொள்கிற இடத்திலும் சிபாரிசு நுழைந்துவிட்டது என்று என் அக்காள் மகன் சொன்னபோது சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க மாமா. மூணு வருஷம் காத்திருந்து உள்ளே போயிருக்கேன். இப்ப என் கையிலே ஒரே ஒரு அழைப்பு இருக்குது. அதை உங்களுக்குக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன்” என்றான்.

அவன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறவன். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் முழுக்குப் போடப் பென்னாகரம் வந்திருந்தான். ஒரே ஒரு அழைப்பு என்று அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால் ஏதோ பரம்பரை நிலத்தில் பாதியை எழுதிவைக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே, அதற்குள் போவதால் என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கும் அதற்குப் பின்னும் அவனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். கேட்டறிந்ததையும், அதன் பேரில் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

‘டாரண்ட்’ என்ற வார்த்தையை வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருட்டுச் சினிமா என்ற அர்த்தத்தில்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மையில் அது ஒரு பங்கீட்டு முறையின் பெயர். பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் வெளியிட்டது. ஒரு பெரிய சரக்கை ஒரே கிடங்கிலிருந்து ஆயிரம் பேர் எடுக்க வந்தால் வாசலில் நெரிசலாகிவிடும். அதற்குப் பதிலாகச் சரக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, எவனுக்கு எந்தத் துண்டு முதலில் கிடைக்கிறதோ அவன் அதை அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டே தனக்கு வேண்டிய மற்றத் துண்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார் அவர். கூட்டம் அதிகமானால் நெரிசல் அதிகமாவதற்குப் பதிலாக வேகம் அதிகமாகிறது. யோசித்துப் பார்த்தால் அருமையான யுக்திதான்.

இதிலே ‘டிராக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் சரக்கு எதுவும் கிடையாது. எவனிடம் எது இருக்கிறது, இப்போது யார் யார் கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள் என்று சொல்வது மட்டும் அதன் வேலை. என் மாப்பிள்ளை ஏதேதோ படம் போட்டு விளக்கினான், எனக்கு ஏறவில்லை. கடைசியில் நானாக ஒன்று கண்டுபிடித்தேன். கல்யாண வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாரே, மொய் எழுதுகிறவர், அவர்தான் டிராக்கர். பணம் அவருடையதல்ல. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தான் என்பதற்கு அவர் நோட்டுத்தான் சாட்சி.

“அதேதான் மாமா!” என்றான் அவன். இருபது நிமிஷம் படம் போட்டவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

பொதுவான டிராக்கர்களில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அதனால்தான் அங்கே எடுக்கிறவர்கள் அதிகம், கொடுக்கிறவர்கள் குறைவு. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாயசம் வரையில் சாப்பிட்டுவிட்டு, மேஜைப் பக்கம் திரும்பாமல் பந்தல் ஓரமாகவே நழுவி விடுகிற ஆசாமிகளை நீங்கள் பார்த்ததில்லையா? அந்த ஜாதி. நேற்று வெளிவந்த சினிமா அங்கே நொடியில் கிடைக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்திய படமோ, விற்காத புத்தகமோ, தாளில் பெயர் மட்டும் இருக்கும், கொடுக்க ஆள் இருக்காது.

இதற்குப் பரிகாரமாகத்தான் தனி டிராக்கர்கள் தோன்றின. இங்கே அங்கத்தினர் மட்டும்தான் நுழையலாம். ஒவ்வொரு அங்கத்தினருக்கும் ஒரு ரகசியக் குறி எண் உண்டு. அவன் எடுக்கிற ஒவ்வொரு டாரண்டிலும் அது பதிந்திருக்கும். அவன் எவ்வளவு எடுத்தான், எவ்வளவு கொடுத்தான் என்று நோட்டில் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால் வருவது ‘ரேஷியோ’. அது விதித்த அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. பிறகும் தேறாவிட்டால் வெளியே. எடுத்த கையோடு இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு, மோட்டார்காரன் ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போவதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதே பெயர். ‘ஹிட் அண்ட் ரன்.’

உள்ளே நுழைகிற வழி மூன்று. எப்போதோ ஒரு நாள் கதவைத் திறந்துவைப்பார்கள்; அந்த நாள் தெரிந்திருந்தால் புகுந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பழைய அங்கத்தினர் ஒருவர் அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவன் ஒழுங்கீனம் செய்தால் அழைத்தவனையும் பிடிப்பார்கள். சீட்டுக் கம்பெனியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கதிதான். அழைப்பைக் காசுக்கு விற்பது மகா பாதகம், விற்றவன் வாங்கியவன் இருவரும் நீக்கம். மூன்றாவது வழி, பரீட்சை. சங்கீதத்துக்கென்று இருக்கும் சில குழுக்களில் நேர்முகப் பரீட்சையே வைக்கிறார்கள். ஒலிப்பதிவைச் சுருக்கி வைத்தால் அதில் எது போகிறது, ஒருமுறை சுருக்கியதைப் பழையபடி பெரிதாக்கி ‘இது அசல்’ என்று விற்கப் பார்த்தால் வரைபடத்தைக் கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் கேள்வி. பால்காரனிடம் தண்ணீர் கலந்ததா என்று பார்க்கிற கருவி வைத்திருக்கிறார்களே, அதை உபயோகிக்கத் தெரியுமா என்று பால் வாங்க வருகிறவனைக் கேட்பது போல. எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது. பொருளைப் பற்றி இவ்வளவு மரியாதை இருக்கிற இடத்தில் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

இந்த மரியாதைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் ஆலன் எல்லிஸ் என்ற இளைஞர் 2004-ல் ‘ஓயிங்க்’ என்ற சங்கீதக் குழுவை ஆரம்பித்தார். 2007 அக்டோபரில் போலீஸ் வந்து அவரைக் கைது செய்தது. குழு ஒரே நாளில் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், ட்ரெண்ட் ரெஸ்னர் என்ற பிரபல பாடகர், தம் பாட்டும் அங்கே கைமாறிக்கொண்டிருக்க, தாமே அங்கே ஓர் அங்கத்தினர் என்றும், உலகத்திலேயே அது போன்ற இசைக்கடை கிடையாது என்கிற தோரணையிலும் பேட்டி கொடுத்தார். எல்லிஸின் மேல் மோசடி வழக்குப் போட்டார்கள். 2010 ஜனவரியில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். ஓயிங்க் போன இடத்தில் ‘வாட்.ஸிடி’ என்று ஒன்று முளைத்தது. அதுவும் ஒன்பது வருஷம் வாழ்ந்து, பிரெஞ்சுப் போலீஸ் கம்ப்யூட்டர்களைப் பிடித்துக்கொண்டுபோக, 2016 நவம்பரில் மறைந்தது. பாட்டுகள் மறையவில்லை, அவை அங்கத்தினர் வீடுகளில் இருந்தன. மறைந்தது நோட்டு. எந்த இசைத்தட்டு எந்த வருஷத்துப் பதிப்பு, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று ஆயிரக்கணக்கான பேர் சம்பளமில்லாமல் எழுதிவைத்திருந்த குறிப்புகள் ஒரு சாயங்காலத்தில் இல்லாமல் போயின. ஒரு நூல் நிலையம் எரிந்து புத்தகங்கள் மட்டும் தப்பி, அட்டவணை சாம்பலானால் எப்படியோ அப்படி.

நிற்க. பென்னாகரத்துக்கு வருவோம்.

ரேஷியோக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு குழுவில் ஒருவன் எடுத்ததெல்லாம் இன்னொருவன் கொடுத்ததுதான். ஆகவே எல்லோருடைய கொடுப்பையும் கூட்டினால் எல்லோருடைய எடுப்பும் வரும். ஒருவனுக்கு மூன்று என்றால் வேறு சிலர் ஒன்றுக்குக் கீழே இருந்தே தீர வேண்டும். எல்லோரும் ஒன்றுக்கு மேலே நில்லுங்கள் என்று சட்டம் போடுவது, எல்லோரும் சராசரிக்கு மேலே உயரமாக வளருங்கள் என்று சொல்வது போலத்தான். மொய்யிலும் இதே சங்கடம் உண்டு. புதுக்கோட்டைப் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கிறது. வாங்கினதற்கு மேலே கொஞ்சம் வைத்துத் திருப்ப வேண்டும் என்பது அங்கே மரபு. அந்தக் ‘கொஞ்சம்’ எங்கிருந்து வருகிறது? வேறொருவர் வீட்டு விருந்திலிருந்துதான். டிராக்கர் நடத்துகிறவர்கள் புத்திசாலிகள்; அவர்கள் அவ்வப்போது ‘இந்தச் சரக்கை எடுத்தால் கணக்கில் ஏறாது’ என்று விடுமுறை விடுகிறார்கள். கொடுக்க ஆள் வராவிட்டாலும் கடை திறந்து உட்கார்ந்திருந்ததற்காகப் போனஸ் புள்ளி போடுகிறார்கள். சர்க்கார் நோட்டு அச்சடிக்கிற மாதிரி இது.

இருந்தாலும் புதிதாக வருகிற ஏழைக்குக் கஷ்டம்தான். நல்ல சரக்கு வந்த நிமிஷத்திலேயே, ஹாலந்திலும் பிரான்ஸிலும் வாடகைக்கு இயந்திரம் பிடித்து வைத்திருக்கும் பணக்கார அங்கத்தினர்கள் பாய்ந்து எடுத்து, பாய்ந்து கொடுத்துப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். நம்முடைய வீட்டிலிருந்து ஒரு துண்டை யாராவது கேட்பதற்குள் விருந்தே முடிந்துவிடுகிறது. இதற்கு மேலே எங்கள் ஊர்ச் சௌகரியங்கள் வேறு. மழைக்காலத்தில் காட்டுப் பக்கமிருந்து காற்று ஒரு அடி அடித்தால் கரண்ட் போய்விடும். கேபிள்காரர் கொடுக்கிற இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து வெளியுலகத்துக்கு ஒரே விலாசம். தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? நாமாகப் போய்க் கொடுக்கலாம்; நம்மைத் தேடி வந்து வாங்கிக்கொள்ள முடியாது. மாப்பிள்ளை இதற்கும் ஏதோ மாற்று வழி சொன்னான். மாதம் இவ்வளவு என்று வாடகை கட்டி அவனும் ஒரு வெளிநாட்டு இயந்திரம் வைத்திருக்கிறானாம்.

“அந்தக் காசுக்குப் படத்தைக் காசு கொடுத்தே பார்த்துவிடலாமே, தம்பி?”

“பார்க்கலாம் மாமா. காசு கொடுத்தால் கிடைக்கிற படமாக இருந்தால் பார்க்கலாம்.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுச் சினிமாவுக்காகத் தனிக் குழுவில் சேர்வது பைத்தியக்காரத்தனம் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். அதற்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். அதோடு அது சட்டத்துக்கும் விரோதம். தமிழ்நாட்டில் 2004-லேயே திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ‘தமிழ் ராக்கர்ஸ்’ என்று எல்லோருக்கும் திறந்திருந்த கடை எத்தனை தயாரிப்பாளர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது! 2018-ல் கேரளப் போலீசார் சிலரைக் கைது செய்தார்கள்; 2020-ல் அந்தப் பெயர் ஓய்ந்தது; பெயர்தான் ஓய்ந்தது. 2023-ல் மத்திய சர்க்கார் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை மூன்று வருஷம் வரைக்கும் அபராதத்தை லட்சக்கணக்கிலும் கொண்டுபோயிற்று. டாரண்டில் எடுக்கிறவன் எடுக்கும்போதே கொடுக்கிறவனாகவும் ஆகிவிடுகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘நான் பார்த்தேன், அவ்வளவுதான்’ என்று கைகழுவ முடியாது.

ஆனால் காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருள்? அங்கேதான் எனக்குச் சிக்கல்.

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. சட்டப்படி சினிமாவின் உரிமை வெளிவந்து அறுபது வருஷம்தான். ஆகவே காளிதாஸ் இன்றைக்கு நம் எல்லோருக்கும் சொந்தம். சொந்தம்தான், பார்ப்பதற்குத்தான் ஒரு பிரதிகூட இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர்கள் யாரும் திருட்டினால் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. பிரதி இல்லாததால் நஷ்டப்பட்டவர்கள் நாம். உலகத்தின் அபூர்வப் படங்களுக்கென்று ‘காராகார்கா’ என்று ஒரு தனிக் குழு இருக்கிறது. ஹாலிவுட்டின் வெகுஜனப் படங்களுக்கு அங்கே இடமே கிடையாது. எந்தக் கம்பெனியும் வெளியிட மனமில்லாமல் போட்டுவைத்த படங்களை, சப்டைட்டில் எழுதிச் சேர்த்து, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து திரட்டி வைத்திருக்கிறார்கள். 1931-ல் சென்னையில் அப்படி நாலு பைத்தியங்கள் இருந்திருந்தால்!

இவ்வளவும் கொள்கையளவில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை அந்தக் காரியத்தைச் செய்தான். அவன் அங்கம் வகிக்கிற புத்தகக் குழு ஒன்றில், விளையாட்டாக, என் பெயரைப் போட்டுத் தேடினான்.

என்னுடைய முதல் நாவல் வந்தது.

பரிசல்காரர் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல் அது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆயிரம் பிரதி போட்டார்கள். நூல் நிலையங்களுக்குப் போனது போக மிச்சம் மெல்ல மெல்ல விற்றது. இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் மனம் வைக்கவில்லை; பிறகு அவர் கடையையே மூடிவிட்டார். உரிமை என்னிடம் திரும்பி வந்தது. வெறும் உரிமைதான் வந்தது. என் கைப்பிரதியை இரவல் வாங்கிக்கொண்டு போன அன்பர் வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். நாவலும் அவரோடு மாற்றலாகிவிட்டது. சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டேன், தருமபுரியில் கேட்டேன், கிடைக்கவில்லை. என் நாவலை நானே மறுபடி படிக்க வேண்டும் என்றால் முடியாது என்கிற நிலைமை ஏழெட்டு வருஷமாக. எழுதுகிறவர்களுக்கு இது புரியும். பெற்ற பிள்ளையின் போட்டோகூட வீட்டில் இல்லாதது மாதிரி.

அது இப்போது எதிரே திரையில் இருந்தது. அட்டைப்படத்தோடு, யாரோ எந்த நூல் நிலையத்துப் பிரதியிலிருந்தோ பக்கம் பக்கமாகப் படமெடுத்தது. முத்திரையை மறைத்திருந்தார்கள். ‘எடுத்துப் பார்க்கலாமா?’ என்றேன். பையன் தயங்கினான். பிறகு, “இந்த மாசம் ரேஷியோ கொஞ்சம் இறங்கியிருக்குது மாமா, ஆனா பரவாயில்லை” என்றான். என் நாவலை நான் படிக்க அவன் கணக்கில் எழுத வேண்டியிருந்தது! இதில் கோபிப்பதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நான் கண்ணை மூடி அறுபது வருஷம் ஆகிற வரையில் அந்த நாவல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் சொந்தம். என் அனுமதியில்லாமல் பிரதி எடுத்தவனை நான் கோர்ட்டுக்கு இழுக்கலாம். இழுத்தால் என்ன கேட்பேன்? நஷ்ட ஈடு என்றால், விற்காத புத்தகத்துக்கு என்ன நஷ்டம்? பிரதியை ஒப்படை என்று கேட்கலாம். அதைத்தான் அவன் ஊரறியக் கொடுத்துக்கொண்டிருக்கிறானே!

கோபமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுத்தாளன் செத்துவிடவில்லை, பென்னாகரத்தில்தான் இருக்கிறான், விலாசம் தெரியாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் சொல்லுவார்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த குறிப்புகளைப் படித்ததும் கோபம் நின்றுவிட்டது.

முதல் குறிப்பு, படமெடுத்தவர் எழுதியது. ‘113, 114-ம் பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொடுக்கவும்.’ அதற்குக் கீழே இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொருவர். இந்தக் குழுக்களில் வேண்டிய பொருளைக் கேட்டு, கொண்டுவருகிறவருக்குத் தம் கணக்கிலிருந்து சன்மானம் அறிவிக்கிற வழக்கம் உண்டாம். அந்த இரண்டாவது மனிதர் இரண்டு பக்கத்துக்கு இருபது ஜிபி வைத்திருந்தார். ‘இருபது ஜிபின்னா எவ்வளவு?’ என்று கேட்டேன். சாதாரண ஆள் சேர்க்க மாசக்கணக்கில் ஆகும் என்றான் மாப்பிள்ளை. இதற்கும் ஒரு வருஷம் பதிலில்லை. பிறகு மூன்றாவது ஒருவர், ஊர் பெயர் இல்லை, தம்மிடமிருந்த பிரதியிலிருந்து அந்த ஒரு தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டிருந்தார். விரல் நுனி ஓரத்தில் விழுந்திருக்கிறது. கட்டைவிரல், கொஞ்சம் மஞ்சள் கறை. சமையலறையிலிருந்து எழுந்து வந்து எடுத்தார்களோ என்னவோ.

அந்தப் பக்கத்தில்தான் பரிசல்காரனின் மகள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துடுப்பைத் தானே வாங்கிக்கொண்டு மறுகரைக்குப் போகிறாள். அது இல்லாமல் நாவலின் பின்பாதிக்கு அர்த்தமே கிடையாது. அது இல்லாத நாவலைத்தான் மூன்று வருஷமாக அங்கே படித்திருக்கிறார்கள். படித்தவர்களில் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

பத்திரிகைகளில் அந்த நாவலுக்கு மதிப்புரை வந்தது. ஒரு பரிசுகூடக் கிடைத்தது. இருபது ஜிபி மாதிரி ஒரு மரியாதை அதற்குக் கிடைத்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். “அது எவ்வளவு ரூபாய்?” என்று கேட்டாள்.

உ. வே. சாமிநாதையருக்குச் சீவகசிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தவர் சேலம் இராமசாமி முதலியார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். எங்கள் தருமபுரியும் 1965 வரையில் சேலம் ஜில்லாதான் என்பதால் எனக்கு இதில் ஒரு அற்பப் பெருமை உண்டு. ஐயர் அந்த ஒரு பிரதியோடு நிற்கவில்லை. விடுபட்ட இடத்தை நிரப்ப ஊர் ஊராக ஏறி இறங்கி ஏடு தேடினார். நூல் 1887-ல் அச்சேறியது. சிலர் கொடுத்தார்கள், சிலர் பூட்டி வைத்துக்கொண்டு இல்லையென்றார்கள். ஏடு வைத்திருந்த குடும்பங்களும் மடங்களும் ஒரு வகையில் அந்தக் காலத்துத் தனிக் குழுக்கள்தாம்; சிபாரிசுக் கடிதம் இல்லாமல் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் பூட்டி வைத்திராவிட்டால் அவ்வளவு காலம் ஏடு தப்பியிராது. பூட்டியே வைத்திருந்தாலும் கறையான் விட்டிராது. இரண்டும் உண்மை. ஐயர் செய்தது என்னவென்றால், உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தார்.

அந்தக் காரியத்தை இன்றைக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களைச் சிகாகோ சர்வகலாசாலை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே நூல் நிலையமாக்கியது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் இருந்துகொண்டு மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார். சங்க நூல் முதற்கொண்டு தொண்டர்கள் தட்டச்சு செய்து போட்டார்கள், யாரும் எடுக்கலாம், ரேஷியோ கிடையாது. 1981-ல் யாழ்ப்பாண நூல் நிலையம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களோடு எரிக்கப்பட்டதை மறக்காத ஈழத்து இளைஞர்கள் 2005-ல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். எரிக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. எங்கள் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-ல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா, 1913-ல் ‘ஞானபாநு’ என்ற பத்திரிகை நடத்தினார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம். அதில் ஒரு இதழைக் கையில் தொட்டவர் யாரையும் இந்தப் பக்கத்தில் நான் சந்தித்ததில்லை. இம்மாதிரித் திட்டங்கள் இருபது வந்தாலும் வேலை மிச்சமிருக்கும்.

ஆனால் இவர்கள் கை நீளாத இடம் ஒன்று உண்டு. உரிமைக் காலம் முடியாமலும், விற்பனையில் இல்லாமலும் நடுவே மாட்டிக்கொண்ட புத்தகங்கள். பாரதியின் பாட்டுக்கே அந்தக் கஷ்டம் வந்தது. இசைத்தட்டு உரிமை தனியார் கையில் இருந்தது, 1949-ல் சென்னை சர்க்கார் உரிமைகளைப் பெற்று மக்களுக்கு ஆக்கிய பிறகுதான் விமோசனம். பாரதிக்குச் சர்க்கார் வந்தது. என் போன்றவர்களுக்கு யார் வருவார்கள்? கிழிந்த தாளுக்கு இருபது ஜிபி வைக்கிறவர்கள்தான் வருகிறார்கள்; அவர்கள் செய்வது சட்டப்படி குற்றம். எழுத்தாளர் உயிரோடிருந்தால் அவரைக் கேட்பது, கேட்டு அவர் சம்மதித்தால் கதவைத் திறந்து வெளியே வைப்பது, இந்த இரண்டையும் அவர்கள் செய்துவிட்டால் எனக்கு அவர்கள் மேல் ஒரு புகாரும் இராது.

ஆகவே அவர்கள் செய்யாததை நான் செய்தேன். மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த அந்தப் பிரதியை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துக் கூலி பேசித் தட்டச்சு செய்யச் சொன்னேன். முந்நூறு பக்கம், இரண்டு மாதம் ஆயிற்று. பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், என் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பொதுவில் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று ஓர் உரிமப் பத்திரமும் இருக்கிறது. தமிழில் இம்மாதிரி இலவச மின்னூல்கள் போடுகிறவர்களும் பல வருஷமாக இருக்கிறார்கள். பதிப்பாளர் யாராவது அச்சிட முன்வந்தால் அதற்கும் தடையில்லை. அச்சுப் புத்தகம் வாங்குகிறவன் வாங்கத்தான் செய்வான் என்பது என் நம்பிக்கை. இல்லாவிட்டாலும் இப்போது விற்கிற பிரதி பூஜ்யம். அதற்குக் கீழே போக இடமில்லை.

இனி அழைப்பு விஷயம். அந்த மூன்று பேருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான், ஊர் பேர் கேட்பது விதிக்கு விரோதம், அங்கத்தினராயிருந்தால் உள்ளிருந்து தபால் போடலாம், அவ்வளவுதான் வழி என்றான். அவன் என் சார்பில் எழுதுகிறேன் என்றான், எனக்குச் சம்மதமில்லை. நன்றியைச் சிபாரிசில் அனுப்புவதா?

அழைப்பு மூன்று நாளில் காலாவதியாகுமாம். அனுப்பி வை என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். உங்களிடம் பகிர்ந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது ஒன்று; அதற்கு விற்பனையில் இல்லாத என்னுடைய மற்ற இரண்டு புத்தகங்களின் பெயரை எழுதினேன், அவை உரிமையோடு என்னிடமே இருக்கின்றன, பக்கமும் குறையவில்லை. உங்கள் இணைப்பின் ஏற்று வேகம் எவ்வளவு என்பது மற்றொன்று. அதைக் கேபிள்காரரைத்தான் கேட்க வேண்டும். இரண்டு நாளாக அவர் போனை எடுக்கவில்லை.